ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா?

(மும்பையில் தமிழ்ப் பெண்கள் சேமிப்புக் குழு ஒன்றின் கூட்டத்தில் பேசியது. பேசியவர் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)



நீங்கள் எல்லோரும் சேர்ந்து வடநாட்டுச் சுற்றுலா போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மிகவும் மகிழ்ச்சி. வீட்டு வேலை செய்து, இட்லி விற்று, துணி தைத்து வாரா வாரம் சேர்த்த பணம் இது. உங்களில் பலர் மும்பைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ஊருக்குப் போகும் ரயிலைத் தவிர வேறு ரயிலில் ஏறியதில்லை. இதுதான் முதல் முறை.

உங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. "மொத்தப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் எடுத்தால் மலிவு" என்று சிலர் சொல்கிறீர்கள். "அந்தந்த ஊருக்குத் தனித்தனியாக எடுப்பதுதான் நல்லது" என்று சிலர் சொல்கிறீர்கள். யார் சொல்வது சரி? அதைச் சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

நான் பதில் சொல்லப் போவதில்லை. பதிலைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். நீங்கள் இப்போது படிக்கிறீர்கள், எழுதுகிறீர்கள், கூட்டல் கழித்தல் போடுகிறீர்கள். இந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

பாஸ் என்றாலே மிச்சமா?

மும்பையில் நமக்கு பாஸ் என்றால் லோக்கல் ரயில் மாத பாஸ். இரண்டாம் வகுப்பு மாத பாஸுக்கு நாம் கொடுப்பது ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணம். ஒரு மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போய் வந்தால் 50 பயணம். 15 பயணத்தின் காசுக்கு 50 பயணம். பெரிய மிச்சம்.

ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் ரயில் ஏறுகிறவருக்கு? மாதத்துக்கு 8 பயணம்தான். அவருக்கு பாஸ் நட்டம். தனி டிக்கெட்தான் லாபம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பாஸ் என்ற பெயரில் மிச்சம் இல்லை. நாம் பயணம் செய்கிற விதத்தில்தான் மிச்சம் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள்.

"இந்தியா முழுவதும் சுற்ற ஒரு பாஸ் கிடையாதா?" என்று ஒரு தங்கை கேட்டார். நம்மைப் போன்ற பொதுமக்களுக்கு அப்படி ஒரு பாஸ் கிடையாது. அதற்குப் பதிலாக உள்ளது வட்டப் பயண டிக்கெட். ரயில்வே ஊழியர்கள் இதை சர்க்குலர் டிக்கெட் என்பார்கள். கவுண்டரில் அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.

வட்டப் பயண டிக்கெட் என்றால் என்ன?

ஒரு நிலையத்தில் புறப்பட்டு, பல ஊர்களைப் பார்த்து, வேறு வழியாகத் திரும்பி, அதே நிலையத்துக்கு வந்து சேரும் பயணத்துக்கு ஒரே டிக்கெட். வழியில் 8 இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். எல்லா வகுப்புக்கும் உண்டு. போன வழியிலேயே திரும்பி வருவதற்கு இது கிடையாது.

இதில் மிச்சம் எப்படி வருகிறது? அரிசிக் கடையை நினைத்துப் பாருங்கள். கால் கிலோ கால் கிலோவாக வாங்கினால் ஒரு விலை. மூட்டையாக வாங்கினால் ஒரு விலை. ரயில் கட்டணமும் அப்படித்தான். பயணத் தூரம் கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கு நாம் கொடுக்கும் காசு குறைகிறது. பல சின்ன டிக்கெட்டுகள் எடுத்தால் ஒவ்வொன்றும் கூடுதல் விலையிலிருந்து தொடங்கும். ஒரு நீண்ட டிக்கெட்டில் அந்தக் கூடுதல் ஒரே முறைதான்.

வட்டப் பயணத்துக்குக் கட்டணம் போடும் முறை இது. மொத்தத் தூரத்தைக் கூட்டுவார்கள். அதைப் பாதியாக்குவார்கள். அந்தப் பாதித் தூரத்துக்கு இரண்டு ஒற்றைப் பயணக் கட்டணம் வாங்குவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. பலருக்கும் தெரியாது. ஸ்லீப்பர் வகுப்பில் நீங்கள் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஏ.சி. படுக்கை வகுப்பில் 300 கிலோமீட்டருக்கு. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டியில் இரண்டாம் வகுப்புக்கு இது 50 கிலோமீட்டர்தான்.

உங்கள் பாதையை எழுதிப் பார்ப்போம்

நீங்கள் எழுதி வைத்திருக்கும் பாதை நல்ல பாதை. மும்பையிலிருந்து போபால். பிறகு ஜான்சி, குவாலியர், ஆக்ரா, மதுரா. மதுராவிலிருந்து கோட்டா, வதோதரா வழியாக மும்பை. போவது ஒரு வழி, வருவது வேறு வழி. இறங்கும் ஊர்கள் ஐந்து. இது சரியான வட்டம்.

பலகையில் தூரத்தை எழுதுகிறேன். சுமாரான தூரம்தான். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மும்பை – போபால்: 837 கி.மீ.
போபால் – ஜான்சி: 290 கி.மீ.
ஜான்சி – குவாலியர்: 97 கி.மீ.
குவாலியர் – ஆக்ரா: 118 கி.மீ.
ஆக்ரா – மதுரா: 54 கி.மீ.
மதுரா – மும்பை: 1,243 கி.மீ.

கூட்டினால் 2,639 கி.மீ.

முதல் கணக்கு: வட்டப் பயண டிக்கெட். மொத்தம் சுமார் 2,640. பாதி 1,320. எனவே 1,320 கிலோமீட்டருக்கான ஸ்லீப்பர் கட்டணம், இரண்டு முறை.

இரண்டாம் கணக்கு: எல்லாக் கட்டத்துக்கும் தனித்தனி ஸ்லீப்பர் டிக்கெட். ஜான்சியிலிருந்து மதுரா வரை மூன்று சின்னக் கட்டங்கள். கூட்டினால் 269 கி.மீ.தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 200 வீதம் 600 கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கிறோம். போகாத 331 கிலோமீட்டருக்குக் காசு! ஒருவருக்கு இவ்வளவு என்றால் முழுக் குழுவுக்கும் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாம் கணக்கு: கலந்து எடுப்பது. நீண்ட கட்டங்களுக்கு ஸ்லீப்பர். மூன்று சின்னக் கட்டங்களுக்கு முன்பதிவு இல்லாத இரண்டாம் வகுப்பு. பகல் நேரத்தில் சின்னச் சின்னப் பயணம். இதில் போகாத தூரத்துக்குக் காசு இல்லை. வட்டப் பயண டிக்கெட்டை விடவும் இது குறைவாக வரக்கூடும். ஆனால் கூட்டம் இருக்கும். இடம் கிடைக்காமல் நிற்க நேரலாம். உங்களில் இரண்டு பேருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களால் மூட்டை முடிச்சுடன் நிற்க முடியுமா? அதையும் கணக்கில் சேருங்கள். காசு மட்டும் கணக்கல்ல.

மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்றைய கட்டணம் என்ன என்று கவுண்டரில் கேட்டு நிரப்புங்கள். 139 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். கட்டணம் அவ்வப்போது மாறும். பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

எப்படி எடுத்தாலும் முன்பதிவுக் கட்டணம் உண்டு. சூப்பர்ஃபாஸ்ட் வண்டியானால் அதற்கும் தனிக் கட்டணம். ராஜ்தானி, சதாப்தி, வந்தே பாரத் வண்டிகளின் கட்டணமே வேறு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போய்த் திரும்பும் பயணமானால்?

உங்களில் சிலர் காசிக்குப் போகலாம் என்றும் சொன்னீர்கள். மும்பையிலிருந்து ஜபல்பூர் வழியாக வாரணாசி சுமார் 1,500 கி.மீ. போன வழியிலேயே திரும்பி வருவீர்கள். அது வட்டம் அல்ல, கோடு. அதற்கு இரண்டு தனி டிக்கெட்தான். அதுவே நீண்ட டிக்கெட் என்பதால் மலிவும் அதிலேயே வந்துவிடும்.

வழியில் ஓர் ஊரைப் பார்க்கவும் முடியும். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒற்றைப் பயண டிக்கெட்டில் வழியில் இறங்கித் தங்க அனுமதி உண்டு. 1,000 கிலோமீட்டர் வரை ஒரு முறை. அதற்கு மேல் இரண்டு முறை. முதல் 500 கிலோமீட்டர் கடந்த பிறகுதான் இறங்கலாம். ஓர் இடத்தில் இரண்டு நாள் தங்கலாம். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் இந்த இரண்டு நாளில் சேராது. ஜபல்பூரில் இறங்கினால் பேடாகாட்டில் நர்மதை ஆற்றின் வெள்ளைப் பளிங்குப் பாறைகளைப் பார்க்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டிக் குறிப்பு எழுதி வாங்க வேண்டும்.

டிக்கெட் வேறு, படுக்கை வேறு

வட்டப் பயண டிக்கெட் கையில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது பயணம் செய்யும் உரிமை மட்டும். படுக்கையை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அதை வாங்கும் வழி இது. முதலில் பாதையையும் தேதிகளையும் எழுதி, ரயில்வேயின் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சில பெரிய நிலையங்களில் நிலைய மேலாளரிடமும் கொடுக்கலாம். அவர்கள் கட்டணத்தைக் கணக்கிட்டு ஒரு படிவம் தருவார்கள். அதைப் புறப்படும் நிலையத்தில் காட்டி டிக்கெட் வாங்க வேண்டும். பிறகு முன்பதிவு கவுண்டரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கை பதிய வேண்டும். மும்பையில் நிலையங்கள் பல. போபால் வண்டி ஒரு நிலையத்தில் புறப்படும். மதுராவிலிருந்து வரும் வண்டி வேறு நிலையத்தில் நிற்கும். புறப்படும் நிலையமும் முடியும் நிலையமும் எது என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு தொடங்குகிறது. முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 ஆக்கிவிட்டார்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. ஆகவே பதிவு தொடங்கும் நாளையே நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஆக்ராவில் உங்கள் நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கக் கூடாது.

ஃபாரத்தை எப்படிப் பிரிப்பது?

நீங்கள் பெரியவர்கள் 12 பேர். பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு பிள்ளைக்கு 4 வயது, ஒரு பிள்ளைக்கு 8 வயது. 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், படுக்கையும் கிடையாது. 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். கேட்காவிட்டால் அரைக் கட்டணம். ஆக டிக்கெட் 13 பேருக்கு.

அறுபது வயது தாண்டியவர்களுக்கு முன்பு கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச் மாதம் அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு ஃபாரத்தில் 6 பேர் வரைதான் எழுதலாம். 13 பேர் என்றால் 6, 6, 1 என்று பிரிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒருவர் தனியாகிவிடுவார். வயதான இரண்டு அக்காமாரையும் ஒரு தனி ஃபாரத்தில் எழுதுங்கள். ஏன் தெரியுமா? 45 வயது நிறைந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் பார்ப்பார்கள். இளையவர்களுடன் சேர்த்து எழுதினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே 2, 6, 5 என்று பிரியுங்கள். பிள்ளையின் பெயர் தாயின் ஃபாரத்திலேயே இருக்கட்டும்.

ஒருவர் நின்றுவிட்டால்?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. நீங்கள் இதுவரை பேசாத கேள்வியும் இதுதான்.

உங்களில் பலர் வீட்டு வேலை செய்கிறவர்கள். ஒன்பது நாள் லீவு என்று முதலாளியம்மா இன்று தலையாட்டுவார். புறப்படும் வாரத்தில் "வீட்டில் விருந்தாளி வருகிறார்கள், போகக் கூடாது" என்பார். போனால் வேலை போகும். நின்றால் பணம் போகும். அந்த அக்கா என்ன செய்வார்?

தனித்தனி டிக்கெட்டானால் அவர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். ரத்துக் கட்டணம் போக மீதி கிடைக்கும். முன்கூட்டியே ரத்து செய்தால் பிடித்தம் குறைவு. கடைசி நேரத்தில் செய்தால் அதிகம். போன பிறகு பாதியில் திரும்ப நேர்ந்தாலும், மீதிக் கட்டங்களை அந்தந்த வண்டி புறப்படும் முன்பே ரத்து செய்யலாம். வட்டப் பயண டிக்கெட்டில் பாதியில் நின்றுவிட்டால் மீதிப் பயணத்தின் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

"அவருக்குப் பதில் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துப் போகலாமே?" என்பீர்கள். முடியாது. டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பெயருக்குத்தான் மாற்றலாம். அதற்கும் வண்டி புறப்பட 24 மணி நேரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஒருவருக்காக எல்லோரும் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டுமா? வேண்டாம். குழு ஒன்று என்பதற்காக டிக்கெட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கட்டாயம் வரக்கூடியவர்கள் வட்டப் பயண டிக்கெட் எடுக்கட்டும். லீவு நிச்சயம் இல்லாதவர் தனித்தனி டிக்கெட் எடுக்கட்டும். அதே வண்டியில், அதே நாளில் எல்லோரும் சேர்ந்தே போகலாம்.

இதைப் பேச யாரும் கூச்சப்படக் கூடாது. "எனக்கு லீவு நிச்சயம் இல்லை" என்று ஒரு அக்கா சொன்னால் அவரைக் குறை சொல்லாதீர்கள். முன்பே சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். கடைசி நாளில் மனத்தாங்கல் வந்து குழுவே உடைவதைவிட இது நல்லதல்லவா?

டிக்கெட் வாங்கும் முன் ஒரு தீர்மானம் எழுதுங்கள். நோய், இறப்பு, வேலை போகும் நிலை ஆகியவற்றால் ஒருவர் நின்றால் ரத்துச் செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதா? மனம் மாறி நின்றால் அவரே ஏற்பதா? நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு அல்ல, கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்காகத்தானே இந்த மையத்துக்கு வந்தீர்கள்?

டிக்கெட்டைப் படியுங்கள்

கவுண்டரை விட்டு நகரும் முன் டிக்கெட்டை வாசியுங்கள். தேதி சரியா? வண்டி எண் சரியா? பெயரும் வயதும் சரியா? நிலையத்தின் பெயர் சரியா? ஆக்ராவில் கண்டோன்மென்ட், கோட்டை என்று நிலையங்கள் உண்டு. ஜான்சி நிலையத்தின் பலகையில் இப்போது வீராங்கனா லட்சுமிபாய் ஜான்சி என்று இருக்கும். போபாலில் முன்பு ஹபீப்கஞ்ச் என்று இருந்த நிலையம் 2021 முதல் ராணி கமலாபதி. பெயர் தெரியாமல் இறங்காமல் விட்டுவிடக் கூடாது.

டிக்கெட்டைத் தலைவி ஒருவரே வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபாரத்தின் டிக்கெட்டும் அந்த ஃபாரத்தில் உள்ள ஒருவரிடம் இருக்கட்டும். பி.என்.ஆர். எண்ணை எல்லோரும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டையை ஒவ்வொருவரும் எடுத்து வாருங்கள்.

"இவ்வளவு அலைச்சல் எதற்கு, கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் ஏஜெண்டே எல்லாம் செய்வாரே?" என்று ஒருவர் கேட்டார். அனுமதி பெற்ற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஆனால் அவரிடம் போனாலும் உங்கள் கணக்குத் தாளோடு போங்கள். கணக்குத் தெரிந்தவரிடம் யாரும் அதிகம் கேட்கத் தயங்குவார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பாதை கோடா, வட்டமா என்று பாருங்கள். கோடானால் தனி டிக்கெட். வட்டமாகவும், இறங்கும் ஊர்கள் பலவாகவும் இருந்தால் மூன்று கணக்கையும் போடுங்கள். கட்டாயம் வரக்கூடியவர்கள் யார், நிச்சயம் இல்லாதவர்கள் யார் என்று கேளுங்கள். பிறகு வாங்குங்கள்.

உங்கள் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் ஊரிலிருந்து நீங்கள் போக விரும்பும் நான்கு ஊர்களை எழுதுங்கள். அந்தப் பாதை கோடா, வட்டமா?

2. ஸ்லீப்பர் வகுப்பில் 54 கி.மீ. பயணத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கட்டணம் கொடுக்க வேண்டும்? போகாத தூரம் எவ்வளவு?

3. உங்கள் குழுவில் 15 பேர் இருந்தால் எத்தனை ஃபாரம் வேண்டும்? யாரை யாருடன் சேர்த்து எழுதுவீர்கள்?

4. ஒருவர் கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் செலவை யார் ஏற்பது? உங்கள் குழுவின் தீர்மானத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.